காருக்கு எரிந்த அடுப்பு

முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. இத்தாலி வண்டி. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்கார முடியும். பந்தய வண்டியின் சாதி என்றார்கள். அது எங்கள் தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கிற அறையில், மரக்கட்டைகள் மேல் நின்றது. சக்கரம் தரையைத் தொடாது. அவர் கைக்கு வந்த பிறகு ரோட்டில் ஓடவே இல்லை. மலை ஏறியதே லாரியில்தான், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு.

ஸ்டியரிங் இடது பக்கம். முதலாளி வலது பக்க சீட்டில் உட்காருவார். வாசலில் நின்று பார்த்தால் அவர்தான் ஓட்டுகிற மாதிரி இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

நான் அங்கே அடுப்புக்காரன். அரைத்த கொழுந்தைக் காயவைக்கிற டிரையருக்கு விறகு போடுகிற வேலை. ஃபேக்டரி குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் இருந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் கொஞ்சம். எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

முதலாளி கோயம்புத்தூர் பக்கத்து ஆள். குள்ளம். காதை மூடின மஃப்ளர். கக்கத்தில் குடை. வாயில் ஒரே பேச்சு.

"சித்தெ பொறு. ஏறும்."

எதை விற்கச் சொன்னாலும் இதுதான் பதில். வெளியே ஒரு பழைய தராசு கிடந்தது. காயலான் கடைக்காரர் வந்து விலை கேட்டார். "இரும்பு ஏறும், சித்தெ பொறுங்க" என்று அனுப்பிவிட்டார். மழையில் அது துருப்பிடித்தது. கடைசியில் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினோம்.

மகளுக்கு வரன் வந்தது. நல்ல இடம். அதற்கும் சித்தெ பொறு. மகள் பொறுக்கவில்லை. ஆஃபீஸ் கிளார்க்கைக் கட்டிக்கொண்டு மைசூர் போய்விட்டது. முதலாளி கோபப்படவில்லை. "அந்தப் பையன் ஏறுவான்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றுக்கு மட்டும் அடங்குவார். ஏலச் சுத்தி.

குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் விலை கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் மேசையில் சுத்தி விழும். விழுந்தால் விழுந்ததுதான். ஒருமுறை அவருடைய சரக்கு வந்த நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மி முடித்து வேண்டாம் என்று சொல்வதற்குள் அடிமாட்டு விலைக்குச் சுத்தி விழுந்துவிட்டது. கூட இருந்தவர்கள் போய்ச் சண்டை போடச் சொன்னார்கள்.

"சுத்தி விழுந்தாச்சு. அப்பறம் என்ன பேச்சு?" என்றார். வெளியே வந்து ஒரு வர்க்கி வாங்கிக் கடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

சாமி மேல் சிலருக்கு இருக்கிற பயம் அவருக்குச் சுத்தி மேல் இருந்தது.

அந்தக் காரும் சுத்தியில் வந்ததுதான். தேயிலை வாங்குகிற ஒருவரைப் பார்க்க பம்பாய் போனார். துறைமுகத்தில் பிடித்து வைத்த சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார்.

"சும்மா பாக்கத்தானப்பா போனேன். கை போயிருச்சு" என்றார் திரும்பி வந்து.

ஏலம் என்று ஒன்று நடந்தால் அவர் கை கீழே நிற்காது.

வண்டி வந்த புதிதில் எங்களைக் கூப்பிட்டு கியரைக் காட்டினார். உருண்டைத் தலை வைத்த இரும்புக் குச்சி. அது நிற்கிற இடத்தில் பளபளவென்று ஒரு தகடு. தகட்டில் விரல் விரலாக வெட்டுகள். குச்சி ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குப் போகும்போது 'டக்' என்று சத்தம் வரும்.

"இப்ப வர்ற வண்டியில எல்லாம் இது கெடையாது. பட்டனைத் தட்டுனா வண்டியே கியர் மாத்திக்கும். நாளைக்கி கை கியரே செய்ய மாட்டான். செய்யாத சரக்குக்கு என்ன ஆகும்?"

நாங்கள் தகட்டையே பார்த்தோம்.

"ஏறும்! ஏனப்பா, தேயிலைக் காட்டுல இருந்துட்டு இது தெரியாதா? பட்டன் கியரு சிடிசி மாதிரி. மெசினு வெட்டிச் சுருட்டித் தள்ளிரும். கை கியரு ஆர்த்தடாக்ஸ் தூளு மாதிரி. ஆளு பக்கத்துல நிக்கோணும். ஆளு நிக்கறதுக்குத்தான் வெலை."

எங்கள் ஃபேக்டரியில் சிடிசி மட்டும்தான் போட்டோம். ஆர்த்தடாக்ஸ் ஒரு கிலோகூடப் போட்டதில்லை.

அப்புறம் தேயிலை விழுந்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். எனக்கு ரஷ்யா எந்தப் பக்கம் என்று தெரியாது. அவன் நிறுத்தியது என் அடுப்பில் தெரிந்தது. கொழுந்து பறித்த கூலிக்குக்கூட விலை வரவில்லை. விவசாயிகள் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்புயரச் செடி ஆள் உயரம் வளர்ந்தது. முதலாளியின் மூட்டைகள் குடோனில் கிடந்தன. ஏறும் என்றார். ஏறவில்லை. தூள் பழசாகி வாசம் போனது.

ஃபேக்டரியை மூடிய நாளில் கொழுந்து நிறுக்கிற மேடை மேல் ஏறி நின்றார். நாங்கள் கீழே நின்றோம்.

"எல்லாரும் கேளுங்கப்பா. எங்கிட்ட இருக்கறது அந்த வண்டி ஒண்ணுதான். அது என்னிக்கி விக்குதோ, அன்னிக்கி அந்தப் பணத்துல கொழுந்து வாங்கி அடுப்பு பத்த வெப்பேன். இது என் வாக்கு."

என் வீட்டுக்காரி சலிக்கிற அறையில் வேலை பார்த்தவள். கூட்டத்திலிருந்து கேட்டாள்.

"என்னைக்கிங்க மொதலாளி விக்கும்?"

"சித்தெ பொறும்மா. ஏறட்டும்."

பாதிப் பேர் அந்த மாதமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தில் வரிசையாகக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் இருந்தோம். எனக்கு மட்டும் வேலை இருந்தது. அந்த வேலையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆடி மாதம் இங்கே பனி மூட்டம் சுவருக்குள் வரும். செருப்பில் பூசணம் பூக்கும். முதலாளி காரைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். தகட்டைத் துடைத்தார். மறுபடியும் ஈரம். அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"தூளு எதுல கெடும்?"

"ஈரத்துலங்க."

"வண்டியும் அப்பிடித்தான். அடுப்பப் போடு."

டிரையர் அடுப்பைப் பற்றவைத்தேன். சூட்டுக் காற்றைத் தகரக் குழாய் வழியாகச் சலிக்கிற அறைக்குத் திருப்பினோம். கொழுந்துக்கு எரிந்த அடுப்பு காருக்கு எரிந்தது. நடு ராத்திரி வரைக்கும் வேண்டாம், பகலில் போதும் என்றார். தேயிலைக்குப் பார்க்கிற மாதிரியே உள்ளங்கையால் சூடு பார்ப்பார். "கூடிப்போச்சு, கொறை. தோலு சீட்டு வெடிச்சுரும்" என்பார்.

மறுநாள் காலை கேட்டில் சத்தம். போய்ப் பார்த்தேன். படுகர் ஊர்களிலிருந்து விவசாயிகள் கொழுந்து மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஜீப்பில் சிலர், தலையில் சுமந்து சிலர். புகைக்கூண்டில் புகையைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

முன்னால் நின்றவர் வெள்ளைத் தலைப்பாகைக்காரர். எனக்குப் பழக்கம்.

"அடுப்பு எரியுதே, கேட்டைத் திற" என்றார்.

"கொழுந்துக்கு இல்லீங்க."

"பின்ன?"

"காருக்குங்க."

அவர் புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"காரு கொழுந்து திங்குதா?"

"இல்லீங்க. குளிருதாம்."

அவர் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கி, ஓடையோரம் கொட்டிவிட்டு, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்களும் கொட்டினார்கள். இரண்டு நாளில் அது புளித்து நாறியது. முதலாளி மஃப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

அடுத்து கியர். கை படாமல் விட்டால் கியர் இறுகிவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டார். கொழுந்து லாரி ஓட்டிய டிரைவரைக் கூப்பிட்டார். அவர் கூடலூர்க்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். கட்டை மேல் நிற்கிற வண்டியில் ஏறி இன்ஜினைப் போட்டு எல்லா கியரும் போட்டார். பின் சக்கரம் காற்றில் சுற்றியது. கட்டடம் அதிர்ந்தது. சல்லடைகள் ஆடின. லயத்தில் மிச்சமிருந்த எல்லாரும் ஓடி வந்து பார்த்தோம். முதலாளி வலது சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஃப்ளர் அவிழ்ந்து தோளில் கிடந்தது.

இறங்கி வந்த டிரைவர் சொன்னார்.

"மொதலாளி, கிலோமீட்டர் ஓடிட்டுண்டு."

"என்னது?"

"சக்கரம் சுத்தினா மீட்டரும் சுத்துமல்லோ."

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடின வண்டிக்கு விலை குறைவு. நின்ற இடத்திலேயே அந்த வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஓடியிருந்தது.

அன்றிலிருந்து இன்ஜின் போடக் கூடாது. கியரை மட்டும் போட வேண்டும். டிரைவரும் கேரளாவுக்கு மரம் ஏற்றப் போய்விட்டார். ஆகவே வேலை எனக்கு. நான் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து குச்சியைத் தள்ளுவேன். சில நேரம் உள்ளே போகாது. பின் சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பினால் போகும். திருப்புவது என் வீட்டுக்காரி.

"மாவு வந்துச்சா பாருங்க" என்பாள், ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டு.

"பேசாமச் சுத்து" என்பேன்.

டக்.

முதலாளி சிரிப்பார். அவர் பல்லை அப்போதுதான் பார்ப்போம். வலது சீட்டிலிருந்து அடுத்த வெட்டைக் கண்ணால் காட்டுவார். டக். இப்படி ஒரு வாரத்துக்கு ஒருமுறை மூன்று பேரும் அந்த அறையில் எங்கும் போகாமல் போய்வந்தோம்.

ஆள் வராமல் இல்லை. முதலில் வந்தவர் கோயம்புத்தூர் மில்காரர். வண்டி பிடித்திருந்தது. "கை கியரா இருக்குதே. டவுன்ல ஓட்டுனா காலு வலிக்கும். கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றார்.

முதலாளி டீ கொடுக்கச் சொன்னார். அவர் குடிக்கிற வரை காத்திருந்தார். பிறகு, "உங்களுக்குச் சிடிசிதானுங்க ஒத்துக்கும். போய்ட்டு வாங்க" என்றார்.

அடுத்து பெங்களூர்க்காரர். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தகட்டைத் தடவிப் பார்த்தார். குச்சியைப் பிடித்து ஒரு தடவை தள்ளினார். டக். முதலாளி ஒரு விலை சொன்னார். அதற்கு எத்தனை மூட்டை கொழுந்து வரும் என்று நான் மனசில் கணக்குப் போட்டேன். பெங்களூர்க்காரர் யோசிக்கவே இல்லை.

"சரிங்க. எடுத்துக்கறேன்."

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொழுந்துக்கு அடுப்பு எரியப்போகிறது என்று நினைத்தோம்.

முதலாளி எழுந்தார்.

"கேட்ட ஒடனே சரிங்கறீங்களே. அப்ப நான் கம்மியாச் சொல்லிப்போட்டேன். சித்தெ பொறுங்க."

பெங்களூர்க்காரர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். சொன்ன விலையே அதிகம் என்று யோசிக்கிற மாதிரிகூட நடித்தார். நடக்கவில்லை.

அன்று என் வீட்டுக்காரி சோறு போடவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் திருப்பூர்ல ரூம் பாத்திருக்கு. சித்திரை பொறந்தா நான் போறேன். நீங்க கார் கூடக் குடும்பம் நடத்துங்க."

எனக்குத் திருப்பூர் வேண்டாம். அங்கே ஒரு தடவை போனேன். வெயில். ஊர் முழுக்க சாயத் தண்ணி. பொழுதுக்கும் ஒரே துணியில் ஒரே தையல். எனக்கு விறகு தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. அதைச் சொன்னேன்.

அவள் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஆள் சொன்னா கேக்க மாட்டாரு. சுத்தி சொன்னா கேப்பாருல்ல?"

மறுநாள் அவளே போய் முதலாளியிடம் சொன்னாள்.

"ஒத்த ஆளு வந்தா எப்பிடிங்க ஏறும்? ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு ஏலம் போடுங்க."

முதலாளிக்குக் கண் விரிந்தது. "அட, ஆமா" என்றார். இவ்வளவு நாள் தோன்றவில்லையே என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். குறைந்த விலை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டோம். விலைக்கு வேலி போடக் கூடாது என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்குனி. மில்காரர் வந்தார். பெங்களூர்க்காரர் வந்தார். காரைத் துடைத்து வைத்திருந்தோம். ஏலம் கூறுகிறவர் வேண்டுமே. முதலாளி கூறக் கூடாது, அவர் விற்கிறவர். எனக்குச் சத்தம் வராது. என் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். ஏலச் சுத்திக்கு எங்கே போவது? என் விறகு பிளக்கிற சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

விலை கேட்டார்கள். மில்காரர் ஒன்று சொன்னார். பெங்களூர்க்காரர் மேலே சொன்னார். மாறி மாறி விலை ஏறியது. முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். போன தடவை சொன்ன விலையைத் தாண்டியது. மில்காரர் தலையாட்டி விலகினார். பெங்களூர்க்காரர் மட்டும் நின்றார்.

"ஒரு தரம்" என்றாள் என் வீட்டுக்காரி.

"ரெண்டு தரம்."

ஒரு கை மேலே போனது. முதலாளியின் கை.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவரும் தன் கையைப் பார்த்தார். இறக்கவில்லை. அதற்கு மேல் ஒரு விலை சொன்னார்.

"ஏனுங்க, உங்க வண்டிய நீங்களே கேக்கறீங்களா?" என்றார் மில்காரர்.

"ஏலம்னா ஏலமுங்க. கை தூக்குறவன் கேக்கறவன்."

பெங்களூர்க்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏற்றினார். முதலாளி அதற்கு மேல் ஏற்றினார். அவருக்கு மூச்சு வாங்கியது. காதெல்லாம் சிவந்து, மஃப்ளரைக் கழற்றி எறிந்துவிட்டார். பெங்களூர்க்காரர் இன்னொரு தடவை ஏற்றினார். முதலாளி ஒரே தாவலில் மேலே போனார். பெங்களூர்க்காரர் கும்பிட்டார்.

"இந்த ஆட்டத்துக்கு நான் வரலை சார்."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு தரம், இரண்டு தரம் எதுவும் சொல்லவில்லை. சம்மட்டியை ஓங்கிப் போட்டாள். பெட்டி இரண்டாகப் பிளந்தது.

முதலாளி துள்ளி எழுந்தார்.

"பாத்தியா! ஏறிருச்சு! நான் சொன்னனல்ல!"

வந்தவர்கள் இரண்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அறையில் மூன்று பேர்தான். கார் நின்றது. அப்போது என் வீட்டுக்காரி கேட்டாள். குரல் உயரவில்லை.

"அப்ப வண்டி வித்திருச்சுங்களா மொதலாளி?"

அவர் சம்மட்டியைப் பார்த்தார். பிளந்த பெட்டியைப் பார்த்தார்.

"சுத்தி விழுந்தாச்சு" என்றார் மெதுவாக.

"வித்தா அடுப்புன்னு சொன்னீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மழை வந்துவிட்டது.

"வாங்குனவன் பணம் கட்டோணும்" என்றார். யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "கட்டாம விட்டா அவன் மனுசனில்ல." குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பணம் கட்டாத சரக்கை யாரும் தொடக் கூடாது என்பது ஏலத்து வழக்கம். போகும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "நானே கேட்டாக்கூடத் தராதே" என்றார். நடுவில் ஒருநாள் ராத்திரி தங்க வந்த முதலாளி, கொஞ்ச நேரம் காருக்குள்ளே உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார். தரவில்லை. "அதுதாஞ் சரி" என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

பொள்ளாச்சியில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அவருடைய அப்பா விட்டுப்போனது. எத்தனையோ பேர் கேட்டும் ஏறும் என்று வைத்திருந்தது. அதை விற்றார். முதல் ஆள் கேட்ட முதல் விலைக்கு. கிரயம் முடித்து, காரை வாங்கின பணத்தைக் காரை விற்ற தனக்கே கட்டினார். அந்தப் பணத்தில் கொழுந்து வாங்கினார்.

சித்திரை பிறந்தது. கேட்டில் வெள்ளைத் தலைப்பாகைக்காரர் மூட்டையோடு வந்து நின்றார். புகைக்கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"கொழுந்துக்குங்க."

மூட்டையை இறக்கினார்.

திருப்பூர் போனவர்களில் சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. என் வீட்டுக்காரியிடம் ஒருநாள் கேட்டேன், எல்லாம் தெரிந்துதான் சம்மட்டியைப் போட்டாயா என்று.

"கோவம் வந்துச்சு. போட்டேன்" என்றாள்.

அதன்பிறகு முதலாளி தேயிலையை அந்தந்த வாரமே ஏலத்துக்கு அனுப்பினார். வந்த விலைக்கு விட்டார். நஷ்டம் வந்த வாரமும் உண்டு. ஏறும் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து போய்விட்டது. எங்களுக்கே அது ஒரு மாதிரி இருந்தது. காரைக் கட்டையிலிருந்து இறக்கிக் குடோனுக்குத் தள்ளி, அங்கே மறுபடியும் கட்டை மேல் ஏற்றினோம். வாரம் ஒருமுறை கியர் மட்டும் நிற்கவில்லை.

வருஷங்கள் போயின. அவருக்குக் கால் வராமல் போனது. நான்தான் கைத்தாங்கலாக வலது சீட்டில் உட்கார வைப்பேன். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்தான். ஃபோனில் எதையோ பார்த்துத் தேடிக்கொண்டு வந்தவன். தகட்டைப் பார்த்ததும் அவன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். இப்போது இந்தக் கம்பெனி கை கியரே செய்வதில்லை என்றான். இதே வண்டியில் பட்டன் கியர் கிடக்கிறது, யாரும் சீந்துவதில்லை, கை கியருக்கு உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள் என்றான். பிறகு ஒரு விலை சொன்னான்.

என் வீட்டுக்காரி சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். பொள்ளாச்சித் தோப்பைப் போல ஏழெட்டுத் தோப்பு வாங்கலாம்.

முதலாளி அவனைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"வித்துப்போச்சு தம்பி" என்றார்.

"ஐயோ. யாருக்குங்க?"

"எனக்கு."

பையன் என்னைப் பார்த்தான். நான் கிளட்சை மிதித்தேன். என் வீட்டுக்காரி சக்கரத்தைத் திருப்பினாள்.

டக்.